நகராத சைக்கிளும் மடங்காத முழங்காலும்

மாமல்லபுரத்தில் எங்கள் கடைச் சைக்கிள்களுக்குப் பிரேக் சரியாகப் பிடிக்காது. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் ரிம் முழுக்கத் துரு பொரிந்துவிடும். அதனால் தினமும் கடையை அடைப்பதற்கு முன் பனியன் வேஸ்ட் துணியை எண்ணெயில் நனைத்து எல்லாச் சைக்கிளையும் துடைப்போம். ஹேண்டில்பார், ஃபிரேம், போக்ஸ் கம்பி, ரிம் எதையும் விடமாட்டோம். மறுநாள் வாடகைக்கு எடுத்துப்போன சுற்றுலாக்காரர் பாதி வழியிலேயே திரும்பி வந்து, பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது என்பார். கடைக்காரர் கோவளத்துக்காரர், எல்லோருக்கும் பாய். அவர் தலையைக்கூடத் தூக்கமாட்டார்.

“மெதுவா போ சார். கல்லுக் கோயிலு எங்கியும் ஓடிடாது.”

நான் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதாமல் செங்கல்பட்டிலிருந்து கிளம்பியவன். லாரியில் கிளீனராக இருந்தேன். ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் படகு எஞ்சின் பிரிக்கும் ஒருவரிடம் ஒரு வருடம், திருவிடந்தைப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் பம்பு ஓட்டிக்கொண்டு ஒன்றரை வருடம். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு வந்ததில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் வேறு ஊருக்குப் போகவேண்டும் என்று தோன்றும், போய்விடுவேன். இறால் பண்ணை மட்டும் நானாக விட்டதல்ல. நோய் வந்து இறால் செத்து, பண்ணையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு கொஞ்ச காலம் ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு பாய் கடை. சைக்கிள்களை உள்ளே அடுக்கிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் படுத்துக்கொள்வேன். கால் நீட்ட முடியாது. மற்றபடி குறையில்லை.

கடையின் மூலையில் ஒரு சாமான் கிடந்தது. சிற்பம் கற்றுக்கொள்ள வந்த மனைவியோடு ஆறு மாதம் தங்கிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போனது. அவர் சைக்கிள் பந்தயக்காரர். ஈ.சி.ஆரில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, நாய்க்கும் வேனுக்கும் பயந்து ஊரிலிருந்து ஒரு ஸ்டாண்டை வரவழைத்தார். கியர் சைக்கிளின் பின்சக்கரத்து ஆக்சிலை இரண்டு பக்கமும் அது கவ்விப் பிடித்துக்கொள்ளும். டயர் கீழே ஓர் இரும்பு ரோலரில் உட்கார்ந்திருக்கும். ரோலரோடு ஒட்டிய டப்பாவுக்குள் காந்தம் இருந்து, சக்கரம் சுற்றச் சுற்ற எதிர்த்து இழுக்கும். மிதித்தால் பின்சக்கரம் மட்டும் ஓடும், சைக்கிள் இருந்த இடத்தில் இருக்கும். காலையில் ஒரு மணி நேரம், கடைக்கு எதிரே தங்கியிருந்த வீட்டு மொட்டை மாடியில் வேர்த்து ஊற்ற மிதிப்பார். பாய் டீ குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்து, “இன்னிக்கி பாண்டிச்சேரி வரிக்கும் பூட்டான்பா,” என்பார்.

ஊருக்குப் போகும்போது சைக்கிளையும் ஸ்டாண்டையும் பாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன்மேல் நாங்கள் லுங்கி காயப்போட்டோம்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் டவுன்ஷிப்பிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அணு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன், மதுரைப் பக்கத்துக்காரர். சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் மனைவி அங்கேயே ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேலைக்குச் சைக்கிளில் போனபோது ஒரு வேன் தட்டி, வலது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்துவிட்டது. கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டைப் பிரித்த பிறகு கால் மடங்கவில்லை.

“செங்கல்பட்டு டாக்டர் அஞ்சு வாரம் டயம் குடுத்திருக்காரு,” என்றார். “அதுக்குள்ள நூறு டிகிரியாவது மடங்கணும். இல்லேன்னா மயக்க மருந்து குடுத்து அவங்களே புடிச்சு மடக்கிருவாங்களாம். இவ அதுக்குத்தான் பயப்படுறா. அடுத்த பிளாக்ல ஒரு அம்மாவுக்கு அப்பிடிப் பண்ணி, அந்தம்மா கத்துனத இவ ஒரு மாசம் கேட்டிருக்கா.”

தினமும் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதிரி சைக்கிள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. நீட்டிய காலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் தினமும் போய்வர முடியாது. ஓடாத சைக்கிள் ஒன்று பாய் கடையில் கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்று சாயந்திரமே மீன் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு அவர்கள் குவார்ட்டர்ஸில் இறக்கினேன். முன்னறையில் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தோம். நான் கிளம்பும்போது அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “மெயின்டனன்ஸ் என்ன பண்ணணும்?” என்று கேட்டார்.

“ஒண்ணியும் வாணாம் சார். டெய்லி எண்ணெ வேஸ்ட்டால ஃபுல்லா தொடச்சி வுட்ருங்க. உப்புக்காத்து இல்ல?”

எழுதிக்கொண்டார். இருபது தடவை யார் யாரிடமோ சொன்ன வாசகம். யோசித்துச் சொன்னதல்ல.

அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். முதல் வாரம் அக்காவால் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்ற முடியவில்லை. முழங்கால் அறுபது டிகிரிதான் மடங்கியது. சீட்டை ஏற்றி வைத்து, பெடலை முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொல்லியிருந்தார்கள். மேலே போகிற இடத்தில் வலிக்கும். அங்கே நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்ப வரவேண்டும். அப்படி ஆட்டும்போதெல்லாம் செயின் கழன்று விழுந்தது. ஒரு நாளில் நான்கு தடவை. இரண்டாம் நாள் அவர் கணவர் பாய் கடைக்குப் போன் பண்ணினார்.

எனக்கு அது புதிதாக இருந்தது. பந்தயக்காரன் பின்பக்கமாக மிதிக்கமாட்டான். மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று இறக்கிய அன்று நான்தான் செயினைப் பின்னால் உள்பக்கப் பல்சக்கரத்துக்கு மாற்றியிருந்தேன். முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்திலிருந்து அது கோணலாகப் போனது. முன்னால் மிதிக்கும்போது அது தாங்கும். பின்னால் சுற்றினால் அந்தக் கோணலே செயினை இழுத்துத் தள்ளிவிடும். பின்னால் ஐந்து பல்சக்கரங்கள் இருந்தன. செயினை நடுவில் இருப்பதற்கு மாற்றினேன். செயின் நேர்கோட்டில் ஓடியது, அதன்பிறகு விழவில்லை. ஐந்து நிமிஷ வேலை. டீ கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரத்தின் நடுவில் ஒரு காலையில் பெடல் மேலே ஏறி முழுச் சுற்று வந்துவிட்டது. அவர் கணவர் கெட்டி அட்டையில் ஒரு கோணமானி வெட்டி வைத்திருந்தார். தினமும் அளந்து கிராஃப் தாளில் புள்ளி வைப்பார். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ‘டக்’ வந்தது.

மிதித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் திடீரென்று இரண்டு விரற்கடை கீழே விழும். ‘டக்’ என்று ஒரு சத்தம். நல்ல காலாக இருந்தால் அது பெரிய விஷயமில்லை. ஒட்டவைத்த முழங்காலுக்கு அது உள்ளே சுத்தியால் அடிப்பது மாதிரி. இரண்டு தடவை அடி வாங்கிய பிறகு, மூன்றாவது வருமோ என்ற பயத்தில் கால் அழுத்தாது. அழுத்தாவிட்டால் மடங்காது. கிராஃப் கோடு படுத்துவிட்டது.

நான் போய் உட்கார்ந்து அரைமணி நேரம் மிதித்தேன். ஒரு சத்தமும் இல்லை. கையால் சுற்றினேன், ஒன்றுமில்லை. செயினைக் கழற்றி ஒரு புதுச் செயின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பழசு அரை விரல் நீளம் அதிகமாகத் தொங்கியது. சரி, செயின் தேய்ந்து நீண்டுவிட்டது, இதுதான் காரணம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். புதுச் செயினை மாட்டி, எண்ணெய் விட்டு, மறுபடியும் ஏறி மிதித்துக் காட்டினேன்.

“இப்ப தைரியமா மிதிங்கக்கா. நான் கியாரண்டி.”

மூன்றாவது மிதியில் பெடல் அப்படியே கீழே போனது. ஒரு பல் அல்ல, மூன்று நான்கு பல் சேர்ந்தாற்போல் செயின் தாண்டியது. அக்கா கத்தியதில் மாடி வீட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்தோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் வீங்கியது. அவர் கணவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் பாதி தூரம் நடந்தே வந்தேன்.

அங்கிருந்து அப்படியே வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. எனக்கு அது பழக்கமான காரியம். தப்பு நடந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நான் விட்டு வந்த இடங்கள் உண்டு. போகாததற்கு நல்ல காரணம் ஒன்றும் சொல்ல முடியாது. மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். மழை விட்ட பிறகு, அந்த ‘டக்’ ஏன் எனக்கு வரவில்லை, அக்காவுக்கு மட்டும் ஏன் வருகிறது என்ற யோசனை விடவில்லை.

ஐந்து நாள் கழித்துப் போனேன். வீக்கம் வடிந்திருந்தது. அக்கா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தபா பாக்குறேங்கா.”

“பாரு. நீ ஏறி மிதிச்சா நல்லாத்தான் ஓடும். ஒனக்கென்ன, முட்டி ஒடஞ்சா கெடக்கு?”

“அப்போ ஒடச்சிக்கிறேன். ஒரு துண்டு குடுங்க. ஒரு ஸ்கேலு குடுங்க.”

ஸ்கேலை என் வலது முழங்காலுக்குப் பின்னால் வைத்து, துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கால் பாதிதான் மடங்கியது. அந்தக் கோலத்தில் நான் சைக்கிள்மேல் ஏறப் பட்ட பாட்டைப் பார்த்து, விபத்துக்கு அப்புறம் அக்கா முதல் தடவையாகச் சிரித்ததாக அவர் கணவர் பிறகு சொன்னார். ஏறி மிதித்தேன். கட்டாத காலால் மிதிக்கும்போது பலம் சுற்று முழுக்கப் பரவலாக விழும். கட்டிய கால் அப்படியில்லை. மேலே தடுக்கி நின்று, தடுப்பைத் தாண்டியதும் மொத்தப் பலமும் ஒரே இடத்தில் இறங்கியது.

‘டக்.’

“ஆங்!” என்றார் அக்கா, உளுந்துத் தட்டை வைத்துவிட்டு. “அதான். அதேதான்.”

கட்டை அவிழ்க்காமலேயே கீழே குதித்து, தரையில் படுத்துப் பின்சக்கரத்தைப் பார்த்தேன். செயினைத் தூக்கிவிட்டுப் பல்லை ஒவ்வொன்றாகத் தடவினேன். நடுப் பல்சக்கரத்தில் மட்டும் ஒவ்வொரு பல்லும் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராக இருந்தது. மற்ற நான்கும் புதுசு போல இருந்தன. அப்புறம்தான் விளங்கியது. மொட்டை மாடியில் மேடும் பள்ளமும் கிடையாது, கியர் மாற்ற அவசியமே இல்லை. ஆறு மாதமும் அந்த மனிதர் ஒரே பல்சக்கரத்தில் மிதித்திருக்கிறார். பல்லும் பழைய செயினும் சேர்ந்தே தேய்ந்து, ஒன்றுக்கொன்று ஓரளவு பொருந்திப் போயிருக்கின்றன. அதில் கொண்டுபோய்ப் புதுச் செயினை மாட்டியது நான். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காரவே உட்காராது. கோளாறு கொஞ்சமாக இருந்ததை நான் பெரிதாக்கியிருக்கிறேன். அதைக் கியாரண்டி வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். செயினைப் பக்கத்துப் பல்சக்கரத்துக்கு மாற்றினேன். கட்டிய காலோடு ஒரு மணி நேரம் மிதித்தேன். செயின் அசையவில்லை. பின்பக்கம் ஆட்டினேன், கழலவில்லை. என் முட்டிதான் ஒரு வாரம் வலித்தது.

மூன்றாவது வாரம் முடிந்திருந்தது. கோணம் எழுபத்தெட்டு.

நான்காவது வாரத்தில் கிராஃப் மறுபடியும் ஏறியது. எண்பத்தைந்து, எண்பத்தொன்பது. சீட்டைக் கொஞ்சம் இறக்கினோம். காந்தத்தின் இழுப்பைக் கொஞ்சம் கூட்டினோம். அக்காவின் காலில் பலம் வந்துகொண்டிருந்தது. அழுத்தி மிதிக்க ஆரம்பித்தார். அப்போது பெடல் மறுபடியும் கீழே விழுந்தது.

நான் ஓடினேன். அவர் கணவரும் ஷிப்ட் முடிந்து உடை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் சைக்கிளின் இரண்டு பக்கமும் தரையில் படுத்துக்கொண்டோம். செயினை அளந்தோம். ஒவ்வொரு பல்லையும் பார்த்தோம். பின்பல்சக்கரங்களைத் தாங்கும் ஃப்ரீவீலுக்குள் இருக்கும் பூட்டு வழுக்குகிறதா என்று காதை வைத்துக் கேட்டோம். அவர் நோட்டில் வரிசையாக எழுதி, பார்த்ததை அடித்துக்கொண்டே வந்தார். அக்கா சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, இது அது இல்ல. அது டக்குன்னு அடிச்சுச்சு. இது அடிக்கல, வழுக்குது. பாத்ரூம்ல சோப்புத் தண்ணியில கால் வச்ச மாதிரி.”

“இருங்கக்கா, செயினு டைட்டு பாத்துகினு கீறேன்.”

“நான் சொல்றத...”

“செத்த சும்மா இரேன், பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்,” என்றார் கணவர்.

இப்படியே நான்கு நாள் போயிற்று. நான் தினமும் வந்தேன். பெடல் ஆக்சிலை இறுக்கினேன், ஃப்ரீவீலை மண்ணெண்ணெயில் கழுவினேன். ரோலரை டயரோடு இன்னும் அழுத்தித் திருகினேன். அதில் ஒரு நாள் சரியாக ஓடும், மறுநாள் வழுக்கும். பெடல் விழும்போதெல்லாம் அக்கா காலை எடுத்துவிடுவார். கோணம் எண்பத்தொன்பதில் நின்றது. ஏழு நாள்தான் மிச்சம். ஒரு நாள் நான் போனபோது அக்கா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். திரும்பாமலேயே, “மயக்கம் குடுத்தா ஒண்ணும் தெரியாதுன்னுதான சொல்றாங்க? முழிச்ச பெறகுதான தெரியும்?” என்றார். என்னைக் கேட்டாரா, அடுப்பைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அன்றைக்குக் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். லேத் பட்டறையில் செய்வோம். ஓடுகிற சாமானின் ஒரு முனையை நிறுத்திவிட்டு மறுமுனையை அழுத்தினால், எது விட்டுக்கொடுக்கிறதோ அதில்தான் வியாதி. பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பெடலை முழுப் பலத்தோடு அழுத்தினால், செயினோ ஃப்ரீவீலோ சரியில்லை என்றால் அங்கேயே தாண்டிவிடும். தாண்டாவிட்டால் அதுவரைக்கும் எல்லாம் சுத்தம்.

பிரேக்கைப் பிடித்தேன். காலை வைத்து அழுத்தினேன்.

செயின் தாண்டவில்லை. சக்கரம் சுற்றியது. பிரேக் கட்டைகள் இரண்டும் ரிம்மைக் கவ்விக்கொண்டிருக்கும்போதே, சக்கரம் அவற்றுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு சாவகாசமாகச் சுற்றியது.

எனக்கு அந்தச் சக்கரத்தைத் தெரியும். தினமும் காலையில் சுற்றுலாக்காரர்கள் என் கடையில் வந்து திட்டுகிற சக்கரம் அது. ரிம்மைத் தொட்டேன், விரலில் எண்ணெய். டயரின் நடுப்பக்கத்தைத் தொட்டேன், எண்ணெய். ரோலர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதன் கீழே ரப்பர் தூளும் எண்ணெயும் கலந்து கறுப்பு மை மாதிரி உறைந்திருந்தது.

“சார், இத்த எப்பிடித் தொடைக்கிறீங்க?”

அவர் நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் என் வாசகம், அவர் கையெழுத்தில்: தினமும், எண்ணெய் வேஸ்ட், முழுவதும். அதற்குக் கீழே தேதி வாரியாக டிக். ஒரு நாள்கூட விடவில்லை. ரோலரைக்கூட அவர் விடவில்லை, ஏனென்றால் நான் முழுவதும் என்று சொல்லியிருந்தேன். அவர் வேலை பார்க்கும் இடத்தில் முழுவதும் என்றால் முழுவதும்தான். தையல் மிஷினுக்குப் போடுகிற நல்ல எண்ணெய். முதல் வாரங்களில் அக்காவின் காலில் வழுக்க வைக்கிற அளவுக்குப் பலமில்லை. காலில் பலம் ஏற ஏற, ரோலரில் எண்ணெயும் ஏறியிருக்கிறது. டயர் ரோலரைக் கவ்வாமல் வழுக்கும்போது எதிர்ப்பு ஒரேயடியாகப் போய்விடும், கால் கீழே விழும். செயின் தாண்டினால் எப்படியோ அதே மாதிரி. சத்தம் மட்டும் இருக்காது. அதைத்தான் அக்கா நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான்தான் சொன்னேன் சார் தொடைக்கச் சொல்லி,” என்றேன். “கடையில சொல்லிச் சொல்லி வாயில வந்துருச்சி.”

அவர் நோட்டை மூடினார். “நான் யோசிச்சிருக்கணும். உராய்வு வேணும்கிற எடத்துல எண்ணெயப் போட்டிருக்கேன். இருபது வருஷ சர்வீஸ்.”

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாலு வாரமா ரெண்டு பேரும் சைக்கிளுக்குத் தடவுன எண்ணெய என் முட்டிக்குத் தடவியிருந்தாக்கூட மடங்கியிருக்கும்யா.”

சோப்புத்தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து டயரையும் ரோலரையும் ரிம்மையும் மூன்று தடவை கழுவினோம். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். ரோலர் மேல் உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். காய்ந்த பிறகு ஸ்கேலையும் துண்டையும் கட்டிக்கொண்டு மிதித்தேன். பிறகு அக்கா ஏறினார். நான் கீழே படுக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, “இப்ப கால்ல இன்னா தெரியுதுக்கா?” என்று கேட்டேன். நான்கு வாரத்தில் நான் அவரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கனமா இருக்கு. தரையில நிக்கிற மாதிரி இருக்கு.”

“வழுக்குதா?”

“பேசாம இரு. எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

அன்று மாலை கடையில் சைக்கிள்களைத் துடைக்கும்போது ரிம்மை மட்டும் விட்டுவிட்டேன். பாய் கல்லாவிலிருந்து பார்த்தார்.

“இன்னாபா, ரிம்ம உங்க நைனா வந்து தொடைப்பாரா?”

“பிரேக்கு புடிக்கணும் பாய்.”

“இத்தினி நாளா புடிச்சுதா? இத்தினி நாளா எவனாவது செத்தானா?”

பேசிப் பயனில்லை. நான்கு நாளில் ரிம்மெல்லாம் துருப் புள்ளி வைத்தது. பாய் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சுற்றுலாக்காரர் பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு, அவர் என்னவோ தன்னைத் திட்டிவிட்டது போல் முறைத்தார்.

டாக்டரிடம் போகும் நாளில் என்னையும் வரச் சொன்னார்கள். “நூறு வரலேன்னா மேசையில ஒன்னையத்தான் படுக்க வைக்கச் சொல்லுவேன்,” என்று அக்கா சொல்லியிருந்தார். முந்தின நாள் அட்டைக் கோணமானியில் தொண்ணூற்றெட்டு. அவர் கணவர் அதைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை அளந்தும் தொண்ணூற்றெட்டுதான். போகும்போது மூவரும் ஓர் ஆட்டோவில் போனோம், அக்கா காலை என் பக்கம் நீட்டிக்கொண்டு. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை அவர் கணவர் கிராஃப் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பதில் பச்சைத் திரை. டாக்டர் மடக்கச் சொல்வது கேட்டது. அக்காவின் மூச்சு கேட்டது. “இன்னும், இன்னும், நான் புடிக்கல, நீங்களாத்தான் பண்றீங்க,” என்றார் டாக்டர். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. என் இரண்டு கையும் தொடைக்கு அடியில் இருந்தன. எப்போது அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

“நூத்தி ஒண்ணு,” என்றார் டாக்டர். “மயக்க மருந்தெல்லாம் தேவையில்ல. இதையே பண்ணிக்கிட்டு இருங்க. எந்த சைக்கிள்ல பண்றீங்க?”

அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எழுந்து வெளியே போய்த் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினேன்.

திரும்பும்போது அக்கா ஆட்டோ வேண்டாம் என்றார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் எங்கள் பக்கத்து பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அந்த வண்டிகளில் முதல் படி உயரம், முழங்காலுக்கு மேலே வரும். விபத்துக்குப் பிறகு அவர் பஸ் ஏறியதில்லை. கணவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடது காலைத் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் நின்றார். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். முழங்கால் மடங்கியது, நடுங்கியது.

“ஏறும்மா ஏறும்மா, ஒரு படி ஏற இன்னா இத்தினி நேரம்?” என்று கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். “பின்னாடி ஆளுங்க வெயிட் பண்ணிகினு கீறாங்க இல்ல?”

பின்னால் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். அவசரமே இல்லை என்றேன்.